பக்கத்து வீட்டுப் பயம்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்திருந்தால் அதற்கும் பயந்திருப்பார். "பேர் கீர் போட்டிடாத பிள்ளை, ஆர் ஆர் வாசிப்பினமோ தெரியாது" என்று கேற்றைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பார். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், பெரியவர்கள் அவரை அக்கா என்றார்கள். சிறுவர்கள் அன்ரி என்றோம். அது போதும்.

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடி அதிரும். பக்கத்து வீட்டில் அன்ரியின் யன்னல்கள் படபடவென்று சாத்தப்படும். கப்பல் ஊதுவதற்கும் யன்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னத்துக்கு ஊதுறாங்கள் எண்டு எனக்குத் தெரியாதே. தெரியாத சத்தம் கேட்டா முதல்ல சாத்திப்போட வேணும். பிறகு விசாரிக்கலாம்" என்றார்.

மின்னலுக்குப் பயம். மழை இருட்டினால் வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் இழுத்துவிட்டு, மரக்கதிரையில் கால்களைத் தூக்கி வைத்து, செருப்போடு உட்கார்ந்திருப்பார். காஸ் சிலிண்டருக்குப் பயம். தபால்காரர் மணியடித்தால் பயம். போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, பிறகுதான் "ஹலோ" என்பார். நிற்கையில் கெட்ட செய்தி வந்தால் விழுந்துவிடலாமாம்.

துறைமுகத்துப் பக்கம் ஓர் அரச அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்களமும் இங்கிலீசும் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. கணவர் நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. மெலிந்த உருவம். கழுத்தில் நூல் போன்ற சங்கிலி, அதில் சின்னச் சிலுவை. பேசும்போது விரல்கள் அதையே உருட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் வீடு முஸ்லிம் வீடு. வாப்பாவுக்கு மார்க்கெட் பக்கம் மீன்பிடிச் சாமான் கடை. வலை, ஈயக்குண்டு, தங்கூசி நூல், கடலுக்குக் கொண்டுபோகும் பெரிய ரோச் லைற்றுகள். பழுதாகித் திரும்பி வரும் லைற்றுகளை வாப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் போடுவார். பத்துப் பதினொரு வயதில் நான் அவற்றைக் கழற்றத் தொடங்கினேன். பல்பை எடுத்து வேறு பற்றரியில் எரியவைப்பேன். நானாவின், என் அண்ணனின், பழைய விளையாட்டுக் காரிலிருந்த மோட்டரை எடுத்து விசிறி செய்வேன்.

"பொம்புளப் புள்ளைக்கி இது என்ன வேல கா? வீடெல்லாம் வயர்" என்று உம்மா தும்புத்தடியால் கூட்டித் தள்ளுவார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "உடைக்கிறது". செய்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

என்னிடம் ஒன்றைச் செய்து தரும்படி முதன்முதலில் கேட்டவர் அன்ரிதான்.

ஒரு மத்தியானம் அவருடைய கேற் திறந்து கிடந்திருக்கிறது. யார் வந்தார்கள் என்று தெரியவில்லை. ஒன்றும் களவு போகவுமில்லை. களவு போகாததுதான் அவரை இன்னும் பயப்படுத்தியது. "ஒண்டும் எடுக்கேல்லை எண்டா என்னத்துக்கு வந்தவங்கள்?" என்று உம்மாவிடம் வந்து நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு அம்புலன்சைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதன் சைரன் திடீரென்று அலறியது. அன்ரி நெஞ்சில் கையை வைத்தார். பிறகு மெதுவாகக் குனிந்து பார்த்தார்.

"உந்தச் சாமானை என்ர கேற்றில பூட்ட ஏலுமோ பிள்ளை?"

துணி காயப்போடும் கிளிப் ஒன்றின் இரண்டு வாயிலும் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றினேன். நடுவில் ஒரு மட்டைத் துண்டு. மட்டையைத் தங்கூசியால் கேற்றில் கட்டினேன். கேற்றைத் திறந்தால் மட்டை இழுபடும், ஈயத்தாள்கள் தொடும், அம்புலன்ஸ் கத்தும். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பின்னேரமே அது கத்தியது. அன்ரி அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு "ஐயோ வந்திட்டாங்கள்" என்று கத்தினார். வாப்பா உலக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒழுங்கையே திரண்டது. உள்ளே ஒரு புள்ளிமான் நின்று அன்ரியின் குரோட்டன் இலையைச் சப்பிக்கொண்டிருந்தது. கோட்டைப் பக்கமிருந்து நகரத்துக்குள் திரிகிற மான்கள் எங்கள் ஊரில் நாய்களைப் போலத்தான், எந்த வீட்டுக்குள்ளும் நுழையும். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அழுகிற நிலையில் இருந்தேன்.

சிரிக்காதவர் அன்ரி மட்டும். ஆட்கள் கலைந்தபின் என்னைக் கூப்பிட்டார்.

"வேலை செய்யுது பிள்ளை" என்றார்.

அதுவரை நான் செய்த எதைப் பார்த்தும் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் அதோடு விடவுமில்லை. "மானுக்கும் மனிசனுக்கும் வித்தியாசம் தெரியப்பண்ண ஏலுமோ?" என்று கேட்டார்.

கிளிப்பாலும் ஈயத்தாளாலும் அது முடியாது. அதைத் தேடிப் போய்த்தான் நான் கோடிங் என்ற சொல்லைக் கண்டுபிடித்தேன். கட்டாரில் வேலை செய்த நானா ஒரு பழைய லப்டொப் கொண்டுவந்தார். கொழும்பிலிருந்து உள்ளங்கை அளவு புரோகிராம் போர்ட் ஒன்றைத் தபாலில் எடுத்துத் தந்தார். வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தேன். முதல் வாரம் ஒரு சின்னச் சிவப்பு லைற்றை மின்னவைத்தேன். அதை அன்ரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"கரண்ட் நிண்டா?" என்று கேட்டார்.

"பற்றரியில ஓடும் அன்ரி."

"பற்றரி முடிஞ்சா?"

நான் போர்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"மழைத்தண்ணி உள்ள போனா? எறும்பு கூடு கட்டினா? நீ பள்ளிக்கூடம் போன நேரம் அது சும்மா கத்திக்கொண்டிருந்தா நான் என்ன செய்யிறது?"

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி யோசித்தேன். பற்றரி குறைந்தால் முன்னரே சொல்லுகிற ஒரு மெல்லிய பீப். நிறுத்துவதற்கு ஒரு பெரிய பொத்தான். எறும்புக்கு வசிலின். கோடிங்கில் 'இப்படி நடந்தால் இதைச் செய்' என்றுதான் எழுத வேண்டும் என்று வீடியோக்காரர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டில் ஒருவர் விடிந்தது முதல் 'இப்படி நடந்தால்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்தது காஸ் அலாரம். அவர் சிலிண்டரைக் குசினிக்கு வெளியே ஒரு தகரக் கொட்டிலுக்குள் வைத்து நீளக் குழாயால் உள்ளே எடுத்திருந்தார். அப்படியும் நித்திரையில்லை. நான் சென்சர் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தேன். வெங்காயம் தாளித்தாலே அது கத்தியது. சுட்ட மீனுக்கும் கத்தியது. வெட்கமாயிருந்தது எனக்கு. நிறையக் காஸ் வந்தால் மட்டும் கத்தும்படி மாற்றி வைக்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"வேண்டாம். சும்மா கத்தினாலும் பரவாயில்லை, நான் எழும்பிப் போய்ப் பாக்கிறன். கத்த வேண்டிய நேரம் கத்தாமல் இருந்திடக் கூடாது."

அப்படிச் சொல்லும்போது அவர் முகத்திலிருந்தது வழக்கமான பயம் இல்லை. வேறு எதுவோ. அன்று கேட்டேன், ஏன் அன்ரி இவ்வளவு பயம் என்று. சிலுவையை உருட்டிக்கொண்டே சொன்னார்.

சுனாமி வந்த காலை அவர் நிலாவெளியில் தங்கை வீட்டில் இருந்திருக்கிறார். முதல் அலை வந்து போனபின் கடல் உள்வாங்கியது. வெறும் தரையில் மீன் துடிக்கிறதென்று ஆட்கள் பார்க்க ஓடினார்கள். தங்கையும் ஓடினாள்.

"நான் பனையடியில நிண்டு கத்தினன் பிள்ளை. தொண்டை கிழியக் கத்தினன். திரும்பிப் பாத்துச் சிரிச்சவள். சின்னனில இருந்தே என்ர பயம் அவளுக்குப் பகிடி." சிலுவையை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். "பயப்பிடாதவள்" என்றார் பிறகு.

அதன் பின் அவர் கேட்டது எதையும் நான் விளையாட்டாக எடுத்ததில்லை.

மாதா கோயிலுக்கோ கிளினிக்குக்கோ போகும்போது வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவார். அதற்காக நான் செய்ததுதான் பிறகு எங்களைத் தெருவில் உட்காரவைத்தது. சிம் போடுகிற ஒரு சின்ன மொடியூல் இருக்கிறது. கேற் திறந்தால் சைரன் கத்தும், அதே நேரம் அந்த மொடியூல் அன்ரியின் போனுக்கு அழைப்பு எடுக்கும். அன்ரி தன் பெயரில் இரண்டு சிம் எடுத்துத் தந்தார். ஒன்று அவருடைய கேற்றில். மற்றது சோதனைக்காக என் மேசைக்குக் கீழே, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்த இரண்டாவது சேர்க்கிட்டில்.

எனக்கு அப்போது பதினாறு வயது. பிறகு வந்தது அந்த உயிர்த்த ஞாயிறு.

கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்ததென்று செய்தி வந்தபோது உம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். செய்தவர்கள் முஸ்லிம் பெயர்க்காரர்கள் என்று தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டு நேரே என் அறைக்கு வந்தார்.

"எடு. எல்லாத்தையும் எடு. கொண்டுபோய்க் கடல்ல போடச் சொல்லு வாப்பாட்ட."

"கடல்ல போடக்குள்ள ஆரும் கண்டா என்ன சொல்ற?" என்றார் வாப்பா. "ஊட்டுலயே இரிக்கட்டும். புள்ளைட சாமான்தானே."

பற்றரியைக் கழற்றி வைக்கிறேன் என்றேன். அந்தப் பெட்டியைத் தொடவே உம்மா விடவில்லை. கையைத் தட்டிவிட்டார். பெட்டி மேசைக்குக் கீழேயே இருந்தது. உள்ளே ஒரு பச்சை லைற் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அன்று காலை அன்ரி கோயிலுக்குப் போயிருந்தார். எங்கள் ஊர்க் கோயிலில் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ சொல்ல, பூசையைப் பாதியில் விட்டுவிட்டு எல்லோரும் வீடுகளுக்கு ஓடி வந்தார்கள். அன்ரி உள்ளே போய்க் கதவைச் சாத்தியதை யன்னலால் பார்த்தேன். அதன் பின் அந்தக் கேற் திறக்கவில்லை. கேற்றில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது.

அந்த நாட்களில் என்னை எது அதிகம் பயமுறுத்தியது என்று கேட்டால், ஆமியும் இல்லை, செய்தியும் இல்லை. அந்தப் பூட்டுத்தான். உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஒருவர். மானுக்கும் மின்னலுக்கும் தபால்காரருக்கும் பயப்பட்டவர். இப்போது எங்களுக்குப் பயப்படுகிறாரோ? கேற்றில் நான் பூட்டிய சாமானைப் பார்த்துப் பார்த்து உள்ளே நடுங்கிக்கொண்டு இருக்கிறாரோ? உம்மாவும் அதையே நினைத்திருக்க வேண்டும். இறைச்சிக்கறி ஆக்கினால் ஒரு கோப்பை மதிலுக்கு மேலால் அந்தப் பக்கம் போகும் வழக்கம் நின்றுபோயிருந்தது. கொடுத்தால் பயப்படுவாரோ என்று கொடுக்கவில்லை.

சில நாள் கழித்து, காலை நேரம், ஒழுங்கையின் இரண்டு பக்கத்தாலும் ஆமி வந்தது. ஆண்கள் அடையாள அட்டையோடு தெருவில் நிற்க வேண்டும், பெண்கள் வீட்டு வாசலில். ஒவ்வொரு வீடாகச் சோதித்து வந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் அலுமாரி திறக்கிற சத்தம், அரிசிப் பானை கவிழ்கிற சத்தம். பிறகு ஒரு கத்தல். உள்ளே போன இளம் சிப்பாய் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தான். அவனுடைய உதடு வெள்ளையாயிருந்தது.

அடுத்த நிமிடம் எங்களை இழுத்துக்கொண்டு போய்த் தெருவின் மறுகரையில் உட்கார வைத்தார்கள். வாப்பாவை மட்டும் தனியாக முழங்காலில் இருத்தினார்கள். ஒழுங்கையில் அத்தனை யன்னலும் சாத்தியிருந்தது, அத்தனை யன்னலுக்குப் பின்னாலும் கண்கள் இருந்தன. அதிகாரி ஒருவர் வந்தார். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் கேட்டார்.

"வயர், பற்றரி, போன் சிம். என்ன இது? ஆருடையது?"

"என்ட சேர்" என்றார் வாப்பா. "கடைச் சாமான்."

"என்ன செய்யிற சாமான்?"

வாப்பாவுக்கு என்ன தெரியும்? அவர் வாழ்நாளில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. "மீன் பிடிக்கிறதுக்கு" என்றார். பொலிஸ்காரர் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. துப்பாக்கி முனை ஒன்று வாப்பாவின் தோளைத் தொட்டது.

அந்தப் பெட்டியிலுள்ள ஒவ்வொரு வயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று எனக்குத் தெரியும். எழும்பிச் சொல்ல நினைத்தேன். உம்மாவின் நகங்கள் என் கைக்குள் இறங்கியிருந்தன. "கதைச்சிராத புள்ள, கதைச்சிராத" என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சைரன் அலறியது.

சிப்பாய்கள் அத்தனை பேரும் குனிந்தார்கள். ஒருவன் மதிலோரம் விழுந்து படுத்தான். துப்பாக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்பின. அன்ரியின் கேற் பாதி திறந்திருந்தது. அந்த இடைவெளியில் அன்ரி, வீட்டுச் சட்டையோடு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி நின்றார். ஒரு காலில் மட்டும் செருப்பு. தூக்கிய கையில் அவருடைய போன் இருந்தது. அது மணியடித்துக்கொண்டிருந்தது.

சுடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்ரியின் குரல் கேட்டது. சிங்களத்தில் கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. என்ன சொன்னார் என்பதை அன்ரியே பிறகு சொல்லித்தான் முழுதாக அறிந்தேன். "வெடிக்காது! வெடிக்காது மகன்மாரே! இது என்னுடைய கேற் மணி. அந்தப் பெட்டியில் இருப்பதும் இதேதான். சிம் இரண்டும் என் பெயரில். செய்யச் சொன்னவள் நான். நான் பயந்த மனுசி, இந்த ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்."

அதிகாரி அவரைக் கிட்ட வரச் சொன்னார். நிறுத்துகிற பொத்தானை அழுத்திவிட்டு வந்தார். அதிகாரி அவருடைய சங்கிலியையும் சிலுவையையும் பார்த்தார். பிறகு முழங்காலில் இருக்கும் வாப்பாவைப் பார்த்தார்.

"நீ கிறிஸ்தவள். இவர்களைக் கண்டு உனக்குப் பயமில்லையா?"

"உங்களைக் கண்டும் எனக்குப் பயம்தான் சேர்" என்றார் அன்ரி. "அந்தப் பிள்ளை செய்து தந்த சாமான் இருக்கிறபடியால்தான் நான் நித்திரை கொள்ளுகிறேன்."

அதோடு விட்டுவிடவில்லை அவர்கள். ஒரு நிபுணர் வந்து என் பெட்டியை வெட்டிப் பிரித்தார். அன்ரியின் கேற்றில் இருந்ததையும் பிடுங்கினார். லப்டொப், போர்ட், சென்சர், பழைய ரோச் லைற்றுகள் எல்லாவற்றையும் உரப்பையில் கட்டினார்கள். வாப்பாவை விசாரணைக்கு ஜீப்பில் ஏற்றினார்கள். அன்ரி ஜீப்பின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிம் என்ர பேரில. அப்ப நானும் வரத்தானே வேணும்."

தேவையில்லை என்றார் பொலிஸ்காரர். அவர் கையை எடுக்கவில்லை. கடைசியில் ஏற்றிக்கொண்டார்கள். ஜீப் திரும்பும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். செத்தவர் முகம்போல இருந்தது.

பின்னேரம் முச்சக்கரவண்டி ஒன்றில் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். பொலிஸில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அன்ரியும் ஒரே பதிலையே சொன்னாராம். "அவ நடுங்கின நடுக்கத்துல உக்காந்திருந்த வாங்குப் பலகையே ஆடிச்சி" என்றார் வாப்பா. தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள், அதைக் குடிக்கவும் பயந்து கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் வாசலில் இறங்கியதும் மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். வெறும் வயிறு, மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. உம்மா ஓடிப்போய் அவருடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"கேற்றைப் பூட்டி வச்சீங்களே அக்கா" என்றார் உம்மா, அழுகையோடு. "எங்களக் கண்டு பயமாக்கும் எண்டு நெனச்சம்."

"பயந்தான் தங்கச்சி. ஆரைக் கண்டெண்டு தெரியேல்லை. அதான் பூட்டினனான்."

எங்கள் சாமான்கள் திரும்பி வரவில்லை. கேட்டுப் போகவும் யாருக்கும் துணிவில்லை. உம்மா என் மேசையையே வேறு அறைக்கு மாற்றினார். இனி ஒரு வயர்த்துண்டு இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். நானும் மறுக்கவில்லை. கடையில் பற்றரியைக் கண்டாலே எனக்கு வாப்பாவின் முழங்கால் ஞாபகம் வந்தது. பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சை முடிந்து முடிவு வந்தது. கணிதத்தில் ஏ எடுத்திருந்தேன். அடுத்த இரண்டு வருட உயர்தரத்துக்கு வர்த்தகம் படிக்கட்டும் என்று வீட்டில் முடிவாகியது.

அன்ரி ஒருநாள் பின்னேரம் வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு. கேற்றுக்கு ஒண்டு செய்து தா."

உம்மா முந்திக்கொண்டார். "அல்லாஹ்வே, அக்கா! நடந்ததெல்லாம் மறந்து பெயித்தா? திரும்பவும் உங்களுக்குப் பயமில்லையா?"

"பயம்தான் தங்கச்சி. அதுக்குத்தானே கேற்றுக்கு ஒண்டு கேக்கிறன்."

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுவாயிருக்கலாம். அன்ரி பையிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். கண்ணாடி போல ஊடுருவித் தெரிகிற பிளாஸ்டிக்.

"நான் யோசிச்சுப் பாத்தனான். அண்டைக்கு அந்தப் பெடியன் ஏன் பயந்தவன்? உள்ள என்ன இருக்கெண்டு அவனுக்குத் தெரியேல்லை. மூடின பெட்டி எண்டா ஆருக்கும் பயம்தான். இதுக்குள்ள வை. எல்லாரும் பாக்கட்டும். சிம் வேண்டாம், மணி மட்டும் போதும். மேல நான் எழுதி ஒட்டுறன்."

மூன்று மொழியிலும் எழுதினார், தட்டெழுத்தைப் போலவே சீரான கையெழுத்தில். 'இது வீட்டு மணி. கேற் திறந்தால் சத்தம் வரும். திறந்து பார்க்கலாம்.'

உம்மா ஒரு நிபந்தனை வைத்தார். அறைக்குள் இருந்து செய்யக்கூடாது. முன்வாசலில், தெருவால் போகிறவர்கள் பார்க்கும்படி உட்கார்ந்து செய்ய வேண்டும். அப்படியே செய்தேன். முதல் நாள் வயரைச் சீவும்போது கத்தி விரலில் பட்டது. யாராவது தெருவில் நின்று பார்த்தால் வயரைக் கீழே வைத்தேன். அன்ரி பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பயம். ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் திடுக்கிட்டார். ஆனால் எழும்பிப் போகவில்லை. மணி சரிவர அடித்த அன்று நான் கணிதப் பிரிவுக்கு மாறப்போவதாக வீட்டில் சொன்னேன். வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா அன்ரியைப் பார்த்தார். "என்னட்டக் கேட்டா எனக்கு எல்லாம் பயம்தான்" என்றார் அன்ரி. "ஆனா அவள் படிக்கட்டும்."

பொறியியல் பீடத்துக்குத் தெரிவான முதல் வாரம், ஏன் இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். ரொக்கெட் என்றார்கள், ரோபோ என்றார்கள். பக்கத்து வீட்டில் ஒரு பயந்த மனுசி இருந்தார் என்று நான் சொன்னேன். வகுப்பு சிரித்தது. நான் பகிடி விட்டதாக நினைத்திருப்பார்கள்.

அன்ரிக்கு வயிற்றில் கட்டி என்று கண்டபோது நான் மூன்றாம் வருடம். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் பஸ் எடுத்து ஊருக்கு வந்தேன். அடுத்த நாள் எனக்கு ஆய்வுகூடப் பரீட்சை இருந்தது, பின்னேர பஸ்சில் திரும்ப வேண்டும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். உம்மா கட்டிலருகே இருந்து கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். அன்ரி சுருங்கி ஒரு சின்னப் பிள்ளையைப் போலக் கிடந்தார்.

டொக்டர் வந்து நாளைக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று விளக்கினார். மயக்க மருந்து, இரத்தம், ஆபத்து எல்லாம் சொன்னார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நான் அன்ரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தொடங்குவார். கரண்ட் நின்றால், மயக்கம் தெளியாவிட்டால், தையல் விட்டால். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"பயமாயிருக்கா அன்ரி?"

"ஓம்" என்றார்.

பஸ் நேரம் நெருங்கியது. "நீ போ பிள்ளை, சோதினை இருக்கு. எனக்கொண்டும் இல்லை" என்றார். சொல்லும்போது அவருடைய கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நான் போகவில்லை. உம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பரீட்சையை அடுத்த வருடம் இளையவர்களோடு எழுதினேன்.

காலையில் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். நானும் கூடவே நடந்தேன். ஒப்பரேஷன் தியேட்டர் கதவடியில் தாதி நின்று, "இனி உள்ள வர ஏலாது, கையை விடுங்கோ" என்றார். நான் பிடித்திருக்கவில்லை. அவர்தான் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் விடுவித்தேன். சிலுவைச் சங்கிலியைக் கழற்றி என்னிடம் தந்தார்கள். இறுகப் பொத்திக்கொண்டேன்.

"இஞ்சதானே நிப்பாய்?" என்று கேட்டார் அன்ரி.

"இஞ்சதான் நிப்பன்."

கதவு இரண்டு பக்கமும் திறந்து அவரை உள்ளே எடுத்து மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை. அது எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் தெரியவந்தது. அதுவரை அந்தக் கதவுக்கு முன்னால், சொன்ன இடத்திலேயே, நகராமல் நின்றேன்.